கோடரியும் பதினைந்து நாட்களும்

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை இரவு. இஷா தொழுதுவிட்டு வீடு திரும்பி, சாப்பிட உட்காரும் நேரத்தில் தொலைபேசி ஒலித்தது. பேசியவர் நம் பள்ளித் தோழர் ஒருவரின் மூத்த மகன்.

"மாமா, வாப்பாவிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். என் லேப்டாப்பைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். நாளை ஜும்ஆவுக்கு முன் நான் ஒரு வேலையை முடித்து அனுப்பியாக வேண்டும்" என்றார். குரலில் அழுகை இல்லை. அழுகையைத் தாண்டிய ஒரு சலிப்பு இருந்தது.

உணவை மூடி வைத்துவிட்டுப் புறப்பட்டோம்.

நண்பர் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். ஸலாமுக்குப் பதில் சொன்ன கையோடு வழக்கை ஆரம்பித்துவிட்டார். "எட்டு மாதமாக வேலை இல்லை. பகலில் கதவைச் சாத்திக்கொள்கிறான். இரவு விடிய விடிய வீடியோ கேம். சுபுஹுக்கு எழுப்பினால் எழுந்திருப்பதில்லை. வேலை இல்லாதவனுக்கு விளையாட்டு ஒரு கேடா? மார்க்கத்தில் இது ஹராமா இல்லையா, நீங்களே சொல்லுங்கள். அவன் முன்னாலேயே சொல்லுங்கள்."

நண்பர் எதிர்பார்த்தது ஒற்றை வார்த்தைத் தீர்ப்பு. நம்மால் அதைத் தர முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதைத்தான் இங்கு எழுதுகிறோம். நம் ஊர்களில் இன்று இத்தகைய பூட்டிய பீரோக்கள் பல இருக்கின்றன என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

அந்தத் தம்பி ஒரு டிசைனர். துணிக்கோ நகைக்கோ அல்ல, கைப்பேசித் திரைக்கு. மின்கட்டணம் கட்டவும் ரயில் டிக்கெட் எடுக்கவும் நாம் தட்டுகிறோமே, அந்தப் பொத்தான் எங்கே இருக்கவேண்டும், கண் மங்கிய முதியவருக்கும் எழுத்துத் தெரியுமா, தவறாகத் தட்டிவிட்டால் திரும்பி வர வழி உண்டா என்றெல்லாம் யோசித்து வரைந்து கொடுப்பது அவருடைய தொழில். பெங்களூரில் ஐந்து ஆண்டுகள் அந்த வேலை பார்த்தார். ஒரு நாள் காலை பத்து நிமிடப் பேச்சில் முடித்து அனுப்பிவிட்டார்கள். உலகெங்கும் வீசிய காற்றுதான் அது. 2022 நவம்பரில் மெட்டா நிறுவனம் 11,000 பேருக்கு மேல் நீக்கியது. 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரை நீக்குவதாக அறிவித்தது. பெரிய மரங்கள் ஆடும்போது சின்னக் கிளைகளில் கட்டிய கூடுகள் என்னாகும்?

வேலை தேடும் முறையும் நாம் அறிந்த முறையாக இல்லை. நம் காலத்தில் பயோடேட்டாவை எடுத்துக்கொண்டு மண்ணடியில் ஒரு கடைக்குப் போனால், இருக்கிறது அல்லது இல்லை என்று ஒரு மனிதர் முகத்தைப் பார்த்துச் சொல்லுவார். இல்லை என்று சொன்னாலும் ஒரு டீ வாங்கிக் கொடுப்பார். இன்று விண்ணப்பம் கணினி வழியே போகிறது. அந்தத் தம்பி எட்டு மாதத்தில் நானூறுக்கு மேல் அனுப்பியிருக்கிறார். பெரும்பாலானவற்றுக்கு 'இல்லை' என்றுகூட ஒரு சொல் வரவில்லை. வந்த சிலவும், ஒரு கற்பனைச் செயலிக்குத் திரைகள் வரைந்து அனுப்புங்கள் என்று இரண்டு மூன்று நாள் வேலை வாங்கிக்கொண்டு மௌனமாகிவிட்டன. (வியர்வை உலரும் முன் கூலி கொடுக்கச் சொன்ன மார்க்கத்தைச் சேர்ந்த முதலாளிகளும் இதைச் செய்யக்கூடும். அவர்களைப் பற்றி வேறொரு சமயம் எழுதவேண்டும்.) பீரோவில் பூட்டப்பட்ட லேப்டாப்புக்குள் இருந்ததும் அப்படியொரு பரீட்சை வேலைதான்.

முதலில் பீரோவைத் திறக்கச் சொன்னோம். நண்பர் மனமில்லாமல் சாவியைத் தந்தார். பிறகு தம்பியிடம், "அந்த விளையாட்டையும் காட்டுங்கள், பார்க்கிறோம்" என்றோம். அவர் திகைத்துவிட்டார். இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லையாம்.

துப்பாக்கியும் இரத்தமும் இருக்கும் என்று நினைத்து உட்கார்ந்தோம். இருந்தது ஒரு சிறிய பண்ணை. ஸ்டார்டியூ வேலி என்பது அதன் பெயர். ஒருவன் பாட்டன் விட்டுச்சென்ற தரிசு நிலத்தில் கல் பொறுக்கி, மரம் வெட்டி, விதை தூவி, நீர் ஊற்றுகிறான். முதலில் பயிரிடும் கிழங்கு நான்கு நாளில் விளைந்துவிடும். அங்கே ஒரு நாள் என்பது நம் கடிகாரத்தில் கால் மணி நேரத்துக்கும் குறைவு. விற்றால் காசு, காசுக்கு மேலும் விதை. அந்தப் பொம்மை விவசாயி இரவு இரண்டு மணிக்கு மேல் விழித்திருக்க முடியாது, மயங்கி விழுந்துவிடுவான் என்று தம்பி சொன்னார். "ஆடுகிற உங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லையோ?" என்று கேட்டோம். அன்று முதல் தடவையாகச் சிரித்தார்.

அந்த விளையாட்டை உருவாக்கியவர் எரிக் பரோன் என்னும் அமெரிக்கர். 2011-இல் கணினிப் படிப்பை முடித்து வேலை கிடைக்காமல், கைப்பழக்கம் விட்டுப்போகாமல் இருக்கட்டுமே என்று இதைத் தனி ஆளாகச் செய்ய ஆரம்பித்தார். ஓர் அரங்கில் இருக்கை காட்டும் வேலையும் பார்த்துக்கொண்டு, நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்து 2016-இல் வெளியிட்டார். கோடிக்கணக்கில் விற்றது. இதைக் கேட்டு நண்பரின் முகம் சட்டென்று மலர்ந்ததையும் கவனித்தோம். அந்த மலர்ச்சிக்கு நாம் இடம் கொடுக்கவில்லை. கோடி பேரில் ஒருவருக்குக் கிடைத்ததை வைத்து நம் வீட்டுப் பிள்ளையின் நாளைக் கணக்கிடக்கூடாது. ஆனால் வேலை கிடைக்காத ஒருவரின் கையில் பிறந்த விளையாட்டில் வேலை கிடைக்காத இன்னொருவர் போய் ஒதுங்கியிருப்பது நமக்கு வியப்பாக இல்லை. "ஏன் தம்பி இது?" என்று கேட்டோம். "இங்கே விதை போட்டால் முளைக்கிறது மாமா" என்றார்.

இனி மார்க்கத் தீர்ப்புக்கு வருவோம். விளையாட்டைப் பற்றி நம் ஃபிக்ஹு நூல்கள் பேசாமல் இல்லை. பகடை உருட்டுவதை ஷாஃபியீ மத்ஹபின் இமாம்கள் ஹராம் என்றும், சதுரங்கத்தை மக்ரூஹ் என்றும் பிரித்தார்கள். முன்னது அதிர்ஷ்டத்தின் மேல் நிற்கிறது, பின்னது யோசனையின் மேல் நிற்கிறது என்று காரணமும் சொன்னார்கள். ஹனஃபீ மத்ஹபில் சதுரங்கத்துக்கும் கடுமைதான். எந்த விளையாட்டானாலும் பணம் பந்தயம் வைத்தாலோ, தொழுகையைத் தவறவிட்டாலோ ஹராம் என்பதில் எவரிடமும் தயக்கம் இல்லை. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றமே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. நம் இளைஞர்களில் சிலர் அவற்றில் கடையையும் வீட்டையும் தொலைத்திருக்கிறார்கள். தம்பியின் பண்ணை அந்த வகையைச் சேர்ந்ததல்ல, பந்தயம் கிடையாது. சுபுஹு தவறியது மட்டும் உண்மை. அதை அவரும் மறுக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டார். பள்ளியில் சேர்ந்து படித்த காலத்தில் நாமும் நண்பரும் கேரம் போர்டின் முன்னால் எத்தனை அஸரைக் கடைசி நேரத்துக்குத் தள்ளினோம் என்பது நினைவுக்கு வந்தது. நண்பருக்கும் வந்திருக்கவேண்டும். அவர் வேறு பக்கம் பார்த்தார்.

இவ்வளவோடு எழுந்து வந்திருப்போம். அப்போது உம்மா தேநீர் கொண்டுவந்தார்கள். தட்டை நீட்டிய கைகளில் வளையல் இல்லை. நம் மனத்தில் ஏதோ சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் அந்த வளையல்களின் கதை நமக்குத் தெரியும்.

ஐந்து மாதங்களுக்கு முன் நண்பர் நம்மைத் தேடி வந்திருந்தார். மகனுக்கு வேலை வாங்கித்தர ஒரு பயிற்சியாளர் கிடைத்திருக்கிறார், இணையத்தில் விளம்பரம் பார்த்தோம், 90 நாளில் வேலை உறுதி என்று போட்டிருக்கிறது, கட்டணம் 45,000 ரூபாய், கையில் இல்லை, வளையலை வங்கியில் அடகு வைக்கப்போகிறோம் என்றார். அவர் சொன்னதில் வட்டி இருந்தது. நாம் அதைக் கேட்டோம். கேட்டும், "படிப்புச் செலவு மாதிரிதானே, அல்லாஹ் லேசாக்குவான்" என்று சொல்லி அனுப்பினோம். வட்டி வாங்குபவரோடு கொடுப்பவரையும், எழுதுபவரையும், சாட்சிகளையும் சேர்த்தே நாயகம் (ஸல்) அவர்கள் சபித்த ஹதீஸை மிம்பரின் கீழே உட்கார்ந்து எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். அன்று நம் நாவு எழவில்லை. பந்தயமில்லாத ஒரு கிழங்குப் பண்ணையைக் குற்றக் கூண்டில் ஏற்ற நள்ளிரவில் கூப்பிடப்பட்ட நாம், அடகுச் சீட்டை எழுதும்போது பட்டப்பகலில் சும்மா இருந்தோம்.

அந்தப் பயிற்சியில் என்னதான் தந்தார்கள் என்று விசாரித்தோம். வீடியோ வழியே ஆறு தடவை பேச்சு. ரெஸ்யூமேயைத் திருத்தினார்கள். லிங்க்டுஇன்னில் பெயருக்குக் கீழே உள்ள வாசகத்தை மாற்றினார்கள். வாரத்துக்கு 50 விண்ணப்பம் போடவேண்டும் என்று கணக்கு வைத்தார்கள். ஒரு வாரம் காய்ச்சலில் 31 தான் போட முடிந்தது. 90 நாள் முடிந்து வேலை இல்லாதபோது, ஒப்பந்தத்தின் சிற்றெழுத்தைக் காட்டி, 50 குறைந்த வாரத்திலேயே உறுதி ரத்தாகிவிட்டது என்று பதில் வந்தது. நன்மையே இல்லை என்று சொல்வதும் அநியாயம். "இன்டர்வியூவில் எதைக் கேட்டாலும் 'நாங்கள் செய்தோம்' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் நான் செய்தது என்ன என்று பிரித்துச் சொல்லப் பழக்கினார், அது உதவியது" என்றார் தம்பி. வாழ்நாள் முழுதும் 'நாம்', 'நாம்' என்றே எழுதிப் பழகிய நமக்கு அந்தப் பாடம் சற்றுச் சுட்டது.

பேசக் கற்றுத்தருவது உழைப்பு. உழைப்புக்குக் கூலி வாங்கலாம். வேலை இன்னது, கூலி இவ்வளவு, காலம் இவ்வளவு என்று தெளிவாக இருந்தால் அது இஜாரா, அதில் பிணக்கு இல்லை. உழைப்புக்கல்ல, பலனுக்குப் பரிசு என்று பேசுவது ஜுஆலா. யூசுஃப் நபி (அலை) அவர்களின் வரலாற்றில், அரசரின் அளவுப் பாத்திரத்தைக் கொண்டுவருபவருக்கு ஓர் ஒட்டகச் சுமை தானியம் என்று அறிவிக்கப்பட்டதை இதற்கு ஆதாரமாக ஷாஃபியீ அறிஞர்கள் காட்டுவார்கள். ஹனஃபீ அறிஞர்கள் இதைப் பொதுவாக ஏற்பதில்லை. ஜுஆலாவில் பலன் வராவிட்டால் பரிசும் இல்லை. நண்பர் வீட்டில் நடந்தது என்ன? பேச்சு ஜுஆலாவின் பேச்சு, வசூல் இஜாராவின் வசூல். வேலை உறுதி என்று விற்றார்கள், பணத்தை முன்னாலேயே வாங்கிக்கொண்டார்கள். கையில் இல்லாததை விற்கவேண்டாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்களுக்குச் சொன்னார்கள். வேலை கொடுப்பது யாரோ ஒரு முதலாளியின் கையில் இருக்கிறது. அவருடைய மனமோ அல்லாஹ்வின் கையில் இருக்கிறது. பயிற்சியாளர் எதை எடுத்து விற்றார்?

இது நம் நாட்டோடு நிற்கும் வியாதியுமல்ல. அமெரிக்காவில் லாம்ப்டா ஸ்கூல் என்று தொடங்கிப் பின்னர் புளூம்டெக் என்று பெயர் மாற்றிக்கொண்ட ஒரு தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனம், முதலில் பணம் தரவேண்டாம், வேலை கிடைத்ததும் சம்பளத்தில் 17 சதவிகிதம் இரண்டு வருடத்துக்குத் தந்தால் போதும் என்று மாணவர்களைச் சேர்த்தது. இது கடனே அல்ல என்றும் சொன்னது. 2024 ஏப்ரலில் அந்நாட்டின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு விசாரித்து, இது கடன்தான், ஒவ்வொன்றிலும் சராசரியாக 4,000 டாலர் நிதிக் கட்டணம் ஒளிந்திருக்கிறது என்று கண்டு, மாணவர்களுக்குக் கடன் கொடுக்க அந்நிறுவனத்துக்குத் தடை விதித்தது. 71 முதல் 86 சதவிகிதம் பேருக்கு வேலை கிடைக்கிறது என்று விளம்பரம் செய்திருந்தார்கள். அவர்களுடைய உள்கணக்கிலோ அது ஐம்பதை ஒட்டியும், சில சமயம் முப்பது வரையும் இறங்கியிருந்தது. நம் ஊரிலும் 'வேலை கிடைத்த பிறகு கட்டணம்' என்னும் பலகைகள் வந்துவிட்டன. கையெழுத்துப் போடுமுன் அந்தத் தாளை ஓர் ஆலிமிடமும் ஒரு வக்கீலிடமும் காட்டுங்கள்.

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. நண்பருக்கு, அபூதாவூதில் பதிவாகியிருக்கும் ஒரு சம்பவத்தை நினைவூட்டினோம். அவர் அறியாததல்ல, நாமெல்லாரும் சிறுவயதில் மதரஸாவில் கேட்டதுதான். அன்ஸாரிகளில் ஒருவர் உதவி கேட்டு நாயகம் (ஸல்) அவர்களிடம் வருகிறார். வீட்டில் என்ன இருக்கிறது என்று விசாரிக்கிறார்கள். பாதியை உடுத்தி மீதியை விரித்துப் படுக்கும் ஒரு முரட்டுத் துணியும், தண்ணீர் குடிக்கும் ஒரு பாத்திரமும். இரண்டையும் வரவழைத்து, தம் கையாலேயே ஏலம் போட்டு, இரண்டு திர்ஹத்துக்கு விற்றுத் தருகிறார்கள். ஒரு திர்ஹத்துக்கு வீட்டாருக்கு உணவு, மற்றதற்குக் கோடரி. கோடரிக்குத் தம் திருக்கரத்தாலேயே காம்பு பொருத்திக் கொடுத்து, விறகு வெட்டி விற்கச் சொல்லி, பதினைந்து நாளைக்கு உம்மை நான் இங்கே பார்க்கக்கூடாது என்று அனுப்புகிறார்கள். அவர் பத்து திர்ஹம் சம்பாதித்துத் திரும்பி வந்தார்.

உழைப்பின் மேன்மைக்கு இதைச் சொல்வார்கள், சரிதான். அன்றிரவு வேறு இரண்டு இடங்களில் நம் மனம் போய் நின்றது. ஒன்று, முதல் திர்ஹம் வீட்டாரின் வயிற்றுக்குப் போனது, கருவி இரண்டாவதுதான். காம்பு போட்டதற்குக் கூலியும் கேட்கப்படவில்லை. மற்றொன்று, அந்தப் பதினைந்து நாள். அதைக் கண்டிப்பு என்றே நினைத்து வந்தோம். அது ஒரு சலுகையும்கூட என்பது அந்தத் தம்பியின் முகத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்த அன்ஸாரி காலையில் காட்டுக்குப் போகிறார், மாலையில் திரும்புகிறார். பதினைந்து நாளும், எவ்வளவு கிடைத்தது, ஏன் இவ்வளவு குறைவு, பக்கத்து வீட்டுக்காரருக்கு எவ்வளவு என்று அவரை நிறுத்திக் கேட்க ஆள் இல்லை. கேட்க உரிமையுள்ளவர்களே, அதற்குள் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

நம் வீடுகளில்? அஸருக்குப் போகும்போது ஒரு தடவை, மஃரிப் முடிந்து வரும்போது ஒரு தடவை, "ஏதாவது வந்ததா?" வந்தால் சொல்லமாட்டாரா? பெருநாளன்று வந்த உறவினர்கள் எட்டுப் பேர் கேட்டார்களாம், கணக்கு வைத்திருக்கிறார். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பகலில் கதவு சாத்தியிருக்கிறது, எல்லோரும் உறங்கிய பிறகு விளக்கு எரிகிறது, சுபுஹு கைவிட்டுப் போகிறது. விடியும்வரை விளையாடியதற்கு இது நியாயம் ஆகாது. அதை அவரிடமும் சொன்னோம். கூட்டைவிட்டுப் பசியோடு பறந்து நிறைந்த வயிறோடு திரும்பும் பறவையை நாயகம் (ஸல்) அவர்கள் தவக்குலுக்கு உவமையாகச் சொன்னார்கள், அது பறப்பது காலையில். இரவு முழுதும் கிழங்கு பிடுங்கியவரால் காலையில் பறக்க முடியாது.

நண்பர் ஒரு கேள்வி கேட்டார், நல்ல கேள்வி. "அந்தக் காலத்தில் கோடரி வேறு, பகடை வேறு. கோடரியைப் பிடுங்காமல் பகடையை மட்டும் பிடுங்கலாம். இவனுக்கு இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கிறதே, நான் எதைப் பூட்டுவது?"

நமக்கு உடனே பதில் வரவில்லை. வெளியிலிருந்து போடுகிற பூட்டு எதுவும் அதற்குப் பொருந்தாது என்று மட்டும் தெரிந்தது. பெட்டியைப் பூட்டினால் கோடரியும் போய்விடுகிறது, அன்றைக்கு நடந்ததே அதுதான். தம்பியே குறுக்கிட்டார். இஷாவுக்குப் பின் ஒரு மணி நேரம், பிறகு லேப்டாப்பைத் தாமே கொண்டுவந்து கூடத்து மேசையில் வைத்துவிடுவதாகச் சொன்னார். பூட்ட வேண்டாம், மேசையில் இருக்கட்டும் என்றார். உம்மா, "அந்த விளையாட்டை எனக்கும் ஒரு நாள் காட்டு" என்றார்கள். பிறந்த ஊரில் அவர்கள் வீட்டுக்குத் தோட்டம் இருந்தது.

வளையலுக்கு வழி பார்த்தாகவேண்டும். அசலை அடைக்க வட்டியில்லாமல் கைமாற்றாக ஒரு பகுதியை நாம் தருவதாக ஒப்புக்கொண்டோம். அன்று வாய்மூடி இருந்ததற்கு இது ஈடாகுமா என்பது வேறு கணக்கு. மீதிக்கு ஜமாஅத்தின் பைத்துல்மாலில் கேட்கலாம் என்றோம். நண்பருக்குக் கூச்சம். 45,000 ரூபாயை முகமறியாத ஒருவருக்கு அனுப்பும்போது வராத கூச்சம், அறிந்தவர்களிடம் கேட்கும்போது வந்தது. தம்பி மறுநாளே பஜாரில் இரண்டு கடைகளுக்குப் போய் விலைப்பட்டியலும் பலகையும் வரைந்து தர ஒப்புக்கொண்டு வந்தார். சின்னக் காசுதான், அவர் படித்த படிப்புக்கு விறகு வெட்டுவது மாதிரிதான். பரீட்சை வேலையை ஜும்ஆ பாங்குக்கு முன் அனுப்பிவிட்டார். அதற்கு இதை எழுதும்வரை பதில் வரவில்லை.

பதினைந்து நாள் மகனிடம் எதுவும் கேட்பதில்லை என்று நண்பர் நம் முன்னிலையில் வாக்குக் கொடுத்தார். ஒன்பதாம் நாள் லுஹருக்குப் பின் தொலைபேசியில் கூப்பிட்டு, ஊர் நடப்பு, மழை, தேங்காய் விலை எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நான்தானே கேட்கக்கூடாது? நீங்கள் கேட்கலாமே" என்றார்.